நான்காவது பாட்டில்

ஜனவரி 22, வியாழன்

இசக்கி, இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பதினொன்றரை. ஷாரன் இப்போதுதான் தூங்கினாள். தூங்கிவிட்டாள் என்று நம்பி, நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில் இப்போது மணி மூன்று இருக்கும். எப்படியும் நீ இன்றைக்கு இதைப் படிக்கப்போவதில்லை என்பதால் பாதி மன்னிப்பு போதும்.

"கான்கிரீட் வார்த்த நாள்லேருந்து இருபத்தெட்டாம் நாள் வரைக்கும் தினமும் மெசேஜ் போட்டு என்னைக் கொல்லாத. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வையி. முடிஞ்சப்புறம் மொத்தமா போட்டோ எடுத்து அனுப்பு. ஒம் பயத்தத் தவணையில வாங்க எனக்குத் தெம்பு கெடையாது" என்று சொன்னவள் நீதான். இதோ நோட்டு.

இன்று வார்த்தாகிவிட்டது. காலையில் சாதாரண சிமெண்ட் கலவையில் ஆறு கியூப். மதியம் நம் கலவை: சிமெண்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உன் உமிச் சாம்பல். அதிலும் ஆறு. ஏழாம் நாள் மும்மூன்று, இருபத்தெட்டாம் நாள் மும்மூன்று உடைத்து எது எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். சாம்பல் கலவை தேறினால் ஏப்ரல் கருத்தரங்கில் நம் பெயரில் கட்டுரை. தேறாவிட்டால், ஜூனில் என் பிஎச்.டி. பதிவு காலாவதி. பிரசவத்துக்குக் கொடுத்த நீட்டிப்பும் அதோடு சரி. ஆறு வருடம். இதை இன்னொரு முறை எழுதமாட்டேன்.

வார்க்கும்போது ஒரு கூத்து. கலவைக்கான தண்ணீரை எடைபோட்டு நான்கு பாட்டிலில் பிடித்து மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். பொறியியல் புலத்தின் பொன்விழாவுக்கு வாங்கி மிஞ்சிய அந்த எவர்சில்வர் பாட்டில்கள்தான். ஸ்டோரில் இன்னும் முந்நூறு கிடக்கிறதாம். எங்கள் லேபில் தண்ணீர், எண்ணெய், டீ எல்லாமே அதில்தான். என் கைப்பையில் இருப்பதும் அதுதான். மூன்றாவது பாட்டிலை ஊற்றும்போது குழந்தைக் காப்பகத்திலிருந்து போன். கைப்பையில் இருந்ததையெல்லாம் மேசையில் எடுத்துப் போட்டுத்தான் போனைத் தேடி எடுத்தேன். "பாப்பாவுக்கு உடம்பு சுடுது மேடம்." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே நான்காவதையும் ஊற்றிவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆயா ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டைக் கழுவிவிட்டு வந்த கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். சில்லென்ற கைக்கு எந்தப் பிள்ளை சுடாது!

திரும்பி வந்தபோது லேப் உதவியாளர் கொம்பையா அண்ணாச்சி கியூப் அச்சுகளை நிரப்பி முடித்திருந்தார்.

"மேடம், கலவையில சுக்கு வாடை அடிக்கி."

"உமிச் சாம்பல் அப்பிடித்தான் மணக்கும் அண்ணாச்சி."

"எங்க வீட்டு அடுப்புல நாப்பது வருசமா உமி எரியுது. ஒரு நாளும் சுக்கு மணக்கல" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் வழக்கம்போல் என் பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். பால் நன்றாக ஊற வேண்டும் என்று தினமும் காலையில் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சி அவரே ஊற்றித் தருகிற தண்ணீர். ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் அல்லவா, இனிப்பு கூடக்கூடாது என்று கருப்பட்டியைத் தராசில் நிறுத்துக் கிள்ளிப் போடுவார். சுக்குக்கு மட்டும் கை தாராளம். "இன்னிக்கும் முழுசும் குடிச்சிட்டியே! நல்ல பிள்ள" என்று சந்தோஷப்பட்டார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நான் அதைக் குடிப்பதேயில்லை. சாயங்காலம் லேபுக்குப் பின்னாலுள்ள வேப்பமரத்துக்கு ஊற்றிவிடுவேன். இன்று ஊற்றிய ஞாபகம் இல்லை. பாட்டில் காலியாகத்தான் இருந்தது. அவசரத்தில் ஊற்றியிருப்பேன்.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் ஒன்பதரைக்கு அச்சைக் கழற்றப் போனோம். சாதாரண கியூப் ஆறும் கல் மாதிரி. சாம்பல் கியூபில் கட்டைவிரலை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று.

இருபது மணி நேரம் ஆகியும் இறுகாத கான்கிரீட்டை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி குனிந்து என் விரல் தடத்தைப் பார்த்தார். "பத்திரத்துக்குக் கைநாட்டு வச்ச மாதிரி அழகா விழுந்திருக்கு மேடம்."

காரணங்களை எழுதிப் பார்த்தேன். சிமெண்ட் பழசா? இல்லை, பொங்கலுக்குப் பிறகு வந்த மூட்டை. குளிரா? திருநெல்வேலியிலா? சாம்பலில் கரி மிச்சம் இருந்ததா? இருக்கலாம். அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, சனி

இன்னும் இறுகவில்லை. ஷாரன் ஒரு ஸ்பூன் கேப்பைக்கூழை என் புடவையில் வார்த்தாள். அது பத்து நிமிடத்தில் இறுகிவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து, பிள்ளையை அத்தானிடம் விட்டுவிட்டு லேபுக்கு ஓடினேன். பாட்டு வகுப்புக்குப் போகிறேன் என்று யாரிடமோ சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கியூப்கள் ஒருவழியாக இறுகியிருந்தன. அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். ஓரங்கள் கொஞ்சம் உதிர்ந்தன. அண்ணாச்சி பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலத்தான் இறக்கினார்.

மூன்றாவது வீட்டுப் பையன் பத்து மாதத்திலேயே நடந்துவிட்டானாம். அவன் அம்மா வாசலில் நிறுத்திச் சொன்னாள். ஷாரனுக்குப் பதினொன்று. பிடித்துக்கொண்டுகூட நிற்கமாட்டேன் என்கிறாள். டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டால் அத்தான், "அவ சப்பளம் போட்டு உக்காந்து ஊரப் பாக்கா. பாக்கட்டும், விடு" என்கிறார்.

ஜனவரி 27, செவ்வாய்

உனக்கு ஒரு சிரிப்புச் செய்தி. 'புலச் செய்தி' இதழை இந்த முறை நான்தான் தொகுக்கிறேன். "தமிழ்ல தப்பில்லாம எழுதுறது நீ ஒருத்திதான்" என்று ஆவுடையப்பன் சார் என் தலையில் கட்டிவிட்டார். வழிகாட்டி சொன்னால் மறுக்க முடியுமா? எல்லாத் துறையிலிருந்தும் ஆய்வுச் செய்திகளைக் கேட்டு வாங்க வேண்டும். பிப்ரவரி இருபதாம் தேதி மாலை அச்சுக்குப் போகிறது.

எலக்ட்ரிக்கல்காரர்கள் சூரியத் தகடுகளை "வெற்றிகரமாக" நிறுவியிருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டால், தகட்டில் தன் உருவத்தைப் பார்த்து வேறொரு மயில் என்று நினைத்து வளாகத்து மயில் ஒன்று தினமும் வந்து கொத்துகிறதாம். மதியத்தில் மின்சாரம் குறைகிறது. "அதைப் போடாதீங்க மேடம்." கம்ப்யூட்டர்காரர்கள் முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் கேமராவை "வெற்றிகரமாக" மாட்டியிருக்கிறார்கள். அது நடைவழிச் சுவரில் மாலையோடு தொங்கும் ஸ்தாபகர் படத்துக்கு தினமும் வருகை போடுகிறது. இந்த மாதம் புலத்திலேயே முழு வருகை அவருக்கு மட்டும்தான். அதையும் போடக் கூடாதாம்.

இரவு அலமாரியில் வேறு எதையோ தேடும்போது நம் பழைய கான்கிரீட் பாடப்புத்தகம் கையில் தட்டுப்பட்டது. தானாகவே திறந்துகொண்டது. இறுகுதலைத் தாமதப்படுத்தும் பொருள்கள் என்ற அத்தியாயம். முதல் பொருளின் பெயரைப் படித்துவிட்டு மூடினேன். தூக்கம் வந்துவிட்டது.

ஜனவரி 29, வியாழன். ஏழாம் நாள்

சாதாரண கியூப்: 27 மெகாபாஸ்கல். சாம்பல் கியூப்: 12.

சார், கியூப் உடைக்கும் மிஷினின் முள்ளைத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பிஸ்கட்டா? வார்க்கும்போது ஏதாச்சும் வித்தியாசமா நடந்துச்சா?"

"இல்ல சார்."

"சாம்பல் மெதுவாத்தான் வேலை செய்யும். இருபத்தெட்டு வரைக்கும் பொறுத்துப் பாப்போம். வேற வழியும் இல்ல."

'இல்ல சார்' என்று சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஷாரனுக்குக் கீழ்ப்பல் ஒன்று! அரிசிக் குருணை அளவு. அத்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் டார்ச்சைக் கடித்தாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

அத்தான் சுக்கைக் கொஞ்சம் கூட்டப்போவதாகச் சொன்னார். "நீ தினமும் முழுசும் குடிக்கியே, ஒத்துக்கிடுதுன்னு தெரியுது." வேப்பமரத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லேப் அலமாரியைத் துடைக்கும்போது, சிமெண்ட் சல்லடைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் பாட்டில். நிறையத் தண்ணீர். மூடியைத் திறந்து மோந்தேன். வெறும் தண்ணீர். அடியைத் திருப்பிப் பார்த்தேன். மார்க்கரில் '4' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. நான் நான்கின் காலை எப்போதும் வளைத்துப் போடுவேன்.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். "வார்த்த அன்னிக்கு மேசையில மிஞ்சிக் கெடந்துச்சு மேடம். ஒங்க குடிதண்ணியாக்கும்னு எடுத்து வச்சேன்."

"ஆமா அண்ணாச்சி. குடிதண்ணிதான்" என்று சொல்லி, அவர் முன்னாலேயே அரை பாட்டிலைக் குடித்தேன். பத்தொன்பது நாள் பழைய தண்ணீர். சிமெண்ட் வாசம். எதற்கும் ஒன்று சொல்கிறவர், என் துணியை வாங்கி அலமாரியைத் துடைக்கத் தொடங்கினார்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். எங்கள் சபை ஐயரவர்கள் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டபோது, மற்றவர்கள் பாவத்தை நினைத்தார்கள். நான் இது உமிச் சாம்பலா ஓலைச் சாம்பலா என்று நினைத்தேன். பிறகு பாவத்தையும் நினைத்தேன்.

நாளை உடைக்கிறோம். உண்மையைச் சொல்லட்டுமா? நாளை கியூப் நொறுங்கிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொள்கிறேன். நொறுங்கினால் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

பிப்ரவரி 19, வியாழன். இருபத்தெட்டாம் நாள்

சாதாரண கியூப் மூன்றும் முப்பத்தொன்பதை ஒட்டி உடைந்தன. அடுத்து சாம்பல். அண்ணாச்சி முதல் கியூபை மிஷினில் வைத்தார். முள் ஏறியது. இருபது. முப்பது. முப்பத்தைந்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சார், "ஏறுது, ஏறுது, இன்னும் ஏறுது!" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி கத்தினார். டமார் என்று உடைந்தபோது 45.8. அடுத்தது 44.9. மூன்றாவது 46.6.

சார் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து லேபிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். டீன் மேடத்துக்குப் போன் போயிற்று. முதல் பக்கச் செய்தி மாற்றப்பட்டது: 'உமிச் சாம்பல் கான்கிரீட்: புலத்தின் சாதனை'. உடைந்த கியூபைக் கையில் ஏந்தி என்னைப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரிக்கிறேன். சிரிப்பு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

கூட்டம் கலைந்தபின் சார் சொன்னார்: "ஏழாம் நாள் ஏன் அப்படிப் படுத்துக் கெடந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பாரா வேணும்லா? யோசிச்சு எழுதிரு."

எழுதினேன். சாம்பலின் நுண்துகள், மேற்பரப்பு, தாமதமான வினை என்று சரசரவென்று வந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. 'வெற்றிகரமாக' இரண்டு இடத்தில். வாசித்துப் பார்த்தால் நானே நம்பிவிடுவேன் போலிருந்தது. அப்போதுதான், இசக்கி, உண்மையிலேயே பயந்தேன். கியூப் இறுகாதபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். நான்காவது பாட்டிலுக்குப் பதிலாக நான் ஊற்றியது அத்தானின் கருப்பட்டித் தண்ணீர். சர்க்கரை கொஞ்சமாக விழுந்தால் கான்கிரீட் தாமதமாக இறுகும், பிறகு கூடுதல் பலம் காட்டும். இரண்டாம் வருடத்தில் நீயும் நானும் சேர்ந்து மனப்பாடம் செய்த வரி. கட்டைவிரல் உள்ளே போன அந்த வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒன்பது மணிக்கு சார் அறையில் போய் நின்றேன். முதல் பக்கத்தின் மாதிரிப் படியில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது சாம்பல் இல்ல."

"எது?"

"அந்த நாப்பத்தாறு. அது கருப்பட்டி."

கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்லுதே?"

சொன்னேன். பாட்டில், போன், ஆயாவின் கை, சுக்கு வாடை, சல்லடைக்குப் பின்னால் இருந்த '4', எல்லாம். எச்சில் விழுங்காமல் ஒரே மூச்சில்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது நாள்லேருந்து சார்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "ஏழாம் நாளே கேட்டேன்லா? அன்னிக்குச் சொல்லியிருந்தா மறுநாளே இன்னொரு செட்டு வார்த்திருப்போம். அதுக்கு இன்னிக்கு வயசு மூணு வாரம். ஒம் பயத்துக்கு மூணு வாரத்தத் தூக்கிக் குடுத்திருக்கே. கான்கிரீட்டுக்காரி நாளைத் தின்னலாமா?"

அழுகை வந்தது. அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு கணக்குக் கிடைத்தால் மாறுமே, அந்த முகம்.

"ஆமா, எவ்வளவு கருப்பட்டி?"

"தெரியாது சார்."

"தெரியாதா? அளவு தெரியாட்டி இது தப்புகூட இல்லம்மா, வெறும் கதை. அளவு தெரிஞ்சா திரும்ப வார்த்துப் பாக்கலாம். சாம்பலோட கருப்பட்டி, சாம்பல் தனியா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அது ஆய்வு. யாரு போட்டுக் குடுத்தா?"

"எங்க வீட்டுல."

"அப்ப அவர்ட்ட போயிக் கேளு."

இசக்கி, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். சாரிடம் ஒப்புக்கொள்வது ஒன்று. நான்கு மாதமாக விடியற்காலையில் எழுந்து சுக்குத் தண்ணீர் காய்ச்சுகிற மனிதரிடம் போய், அதை நான் குடிக்கவேயில்லை என்று சொல்வது வேறு.

சார் கருத்தரங்கு அமைப்பாளருக்குப் போன் போட்டார். கருத்தரங்குக்காரர்கள் வழக்கம்போல் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தைக் கேலி செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தலைப்பையும் சுருக்கத்தையும் மாற்றலாம், ஏழாம் நாள் இருபத்தெட்டாம் நாள் எண்களை ஏப்ரலில் மேடையில் சொன்னால் போதும், ஆனால் கட்டுரையில் பெயருள்ள எல்லோரும் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் சம்மதித்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

அடுத்தது டீன் மேடம். ஸ்பீக்கரில் போட்டார்.

"நம்ம செய்தியில நாமளே தப்பு செஞ்சோம்னு போடறதா ஆவுடையப்பன்?"

"போன இதழ்ல பதினோரு எடத்துல 'வெற்றிகரமாக' போட்டோம் மேடம். ஒருத்தராச்சும் படிச்சாங்களா? இதப் படிப்பாங்க."

"பாட்டில் வாங்கினது நான்தான்னு மட்டும் போடாதீங்க" என்றார் டீன்.

நான் எழுதிய சாமர்த்தியமான பாராவை எடுத்துவிட்டு இப்படிப் போட்டேன்: "உமிச் சாம்பல் கலவையில் ஆய்வாளரின் கவனக்குறைவால் கருப்பட்டித் தண்ணீர் கலந்துவிட்டது. கலவை மூன்று நாள் இறுகவில்லை. இருபத்தெட்டாம் நாளில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் சுமை தாங்கியது. இதில் சாம்பலின் பங்கு எவ்வளவு என்று இப்போது சொல்ல இயலாது. சோதனை மீண்டும் செய்யப்படுகிறது." மாலை அச்சுக்குப் போகுமுன் செய்தி எப்படியோ பரவி, எலக்ட்ரிக்கல் சார் கூப்பிட்டார். "ஏம்மா, எங்க செய்தியில அந்த மயிலயும் சேத்துரு."

இரவு. அத்தான் நாளைக்கு வேண்டிய சுக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஜனவரி இருபத்திரெண்டு, வியாழக்கிழமை. கருப்பட்டி எவ்வளவு போட்டிய?"

ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்துபோய் மருந்துக் கம்பெனி டைரி ஒன்றை எடுத்து வந்து புரட்டினார். "கருப்பட்டி பதினோரு கிராம். சுக்கு மூணு. காய்ச்சி வடிச்ச தண்ணி தொள்ளாயிரத்து எழுபது." தினமும் எழுதியிருக்கிறார் இசக்கி! நான்கு மாதம். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, கடைசிக் கட்டத்தில் 'முழுவதும் அருந்தினாள்' என்று ஒரு டிக்.

அந்த டிக்குகளைப் பார்த்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப அன்னிக்கு நீ குடிக்கல."

"குடிக்கல."

"மத்த நாளு?"

"வேப்பமரம்."

"நாலு மாசமுமா?"

"முதல் ரெண்டு நாள் குடிச்சேன்."

டைரியை மூடினார். திறந்தார். பேனாவை எடுத்தார். டிக்குகளையெல்லாம் அடித்துவிடப் போகிறாரா என்று பார்த்தேன். "நல்லா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா பியூலா?"

"நீங்க தராசுல வச்சு அளந்து போட்டிய. அதப் பாத்துட்டு எப்பிடிச் சொல்ல?"

"பாலு நல்லாத்தான ஊறுது?"

"அது நான் மூணு வேளையும் சோறு திங்கேம்லா, அதனால."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எங்கள் சத்தத்தில் ஷாரன் எழுந்து உட்கார்ந்து அவளும் சிரித்தாள், காரணம் தெரியாமலே.

பிப்ரவரி 21, சனி

அத்தான் விடுப்புப் போட்டுவிட்டு டைரியோடு லேபுக்கு வந்தார். அண்ணாச்சி டைரியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "மேடத்தோட ரெக்கார்டு நோட்டு இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததில்ல." பிறகு என்னிடம் மெல்ல, "அந்தப் பழைய தண்ணியக் குடிச்சியளே மேடம், அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

சார் கணக்குப் போட்டார். கலவையிலிருந்த சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். "மாப்பிள்ள கை சிக்கனம் காப்பாத்துச்சு. தாராளமா அள்ளிப் போட்டிருந்தா அந்த கியூப் இன்னிக்கும் கஞ்சியாத்தான் கெடக்கும்." அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. சாம்பல் தனியாக ஒரு செட், கருப்பட்டியோடு ஒரு செட், வெறும் சுக்குத் தண்ணீரில் ஒரு செட். "சுக்கையும் சும்மா விடக் கூடாது" என்றார் சார். அத்தான் மருந்துக்கடையில் சொல்வதுபோல் ஒவ்வொரு அளவையும் உரக்கச் சொல்லித் தராசில் வைத்தார். அண்ணாச்சி கருப்பட்டிப் பாட்டிலுக்குச் சிவப்பு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார். போனைக் காப்பக ஆயாவிடமே கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோயில் முடிந்து மூவருமாக நேரே லேபுக்குப் போனோம். பாட்டு வகுப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. சாம்பல் செட்டில் கட்டைவிரலை வைத்தேன். கல். சுக்கு செட். கல். கருப்பட்டி செட்டில் வைத்தேன். விரல் உள்ளே போயிற்று.

இறுகாத கான்கிரீட்டைப் பார்த்து இப்படிக் கூத்தாடினவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அத்தான் தன் விரலையும் வைத்துப் பார்த்தார். ஷாரனைக் குனியவைத்து அவள் கையையும் ஒரு கியூபில் பதித்தோம். அந்தக் கியூபைக் கணக்கில் சேர்க்கமாட்டோம், பயப்படாதே. திரும்பும்போது மூன்றாவது வீட்டு அம்மா, "இன்னும் நடக்கலியா?" என்றாள். "இல்லக்கா, உக்காந்திருக்கா" என்றேன். உட்காரட்டும்.

இப்போது மணி பத்து. இந்த நோட்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். இருபத்தெட்டு நாள் என்று சொன்னாய், முப்பத்தொன்று ஆகிவிட்டது.

புதிய தலைப்பு: 'உமிச் சாம்பல் கான்கிரீட்டின் இறுகுதலில் கருப்பட்டியின் விளைவு'. சாம்பல் உன் யோசனை. இரண்டு வருடம் ஆலை ஆலையாகப் போய் உமி எரித்துப் பார்த்தவள் நீ. அது இப்போது பாதித் தலைப்பாகிவிட்டது. பழைய தலைப்பாக இருந்தால் 46 என்ற எண்ணை உன் பேராசிரியரிடம் நீ பெருமையாகக் காட்டியிருக்கலாம். அதை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல். கோபம் இருந்தால் திட்டு. பெயர் வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன். அப்படியானால் அதையும் எழுத்தில் தர வேண்டும் என்கிறார்கள்.

நாளை மாலை ஐந்து மணி, நம் ஊர் நேரம். உனக்கு அது இரவு எட்டரை. சம்மதமா இல்லையா என்று ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு, இசக்கி.

பியூலா